கை ஓடக்கூடாது

போர்ட் பிளேர்ல இப்போ அஞ்சரைக்கே நல்லா இருட்டிடுது.
விளக்கைப் போட்டுட்டு பாட்டு வகுப்புல சரளி வரிசை ஆரம்பிச்சோம்.
ஸ்கூல்ல ஹிந்தி, வீட்ல தமிழ் பேசுற புதுப் பிள்ளைங்க.

முதல் காலம் அழகா வந்துச்சு.
இரண்டாம் காலம்னு சொன்னதும் குரலோட கையும் சேர்ந்து ஓடுது!

ஆதி தாளம், 8 அட்சரம்.
ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்.
அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு.
கை கடைசி வரைக்கும் ஒரே வேகம்தான்.
ஒரு அட்சரத்துக்கு முதல்ல 1 ஸ்வரம், அடுத்து 2, அப்புறம் 4.
மாறுறது குரல் மட்டும்.

புரந்தரதாசர் வகுத்ததாச் சொல்ற பாடமுறை இது. 16ஆம் நூற்றாண்டு!
இதைவிட நல்ல வழி இன்னிக்கும் எனக்குத் தெரியல.

மெட்ரோநோம் ஆப் வைக்கலாமேன்னு ஒரு அம்மா கேட்டாங்க.
இப்போ வேண்டாம்னு சொல்லிட்டேன்.
காலப்பிரமாணம் முதல்ல கையில உட்காரட்டும்.

ஒரு குட்டிப் பொண்ணு, சுண்டு விரலைத் தொட்ட அந்த இடைவெளிக்குள்ள ரெண்டு ஸ்வரத்தையும் சரியாப் பொருத்திட்டா.
கை ஓடாம நிதானமா இருந்துச்சு.
எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவங்க சொல்லுங்களேன்,
ஓடுற கையை நீங்க எப்படிப் பிடிச்சு நிறுத்துறீங்க?