கறளும் மெருகும்

பழைய ஸ்போட்ஸ் கார் வாங்குவது இங்கிலாந்தில் இன்று மத்தியதர வர்க்கத்தாரின் பொழுதுபோக்குகளுள் ஒன்று. பிள்ளைகளைக் கரைசேர்த்தோரும் ஓய்வூதியம் பெறுவோரும், இளமையில் எட்டாதிருந்ததை முதுமையில் வாங்கி மனம் ஆறுகின்றனர். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், அச்சந்தையில் எதற்கு விலை வைக்கப்படுகிறது, எது விலையின்றி விடப்படுகிறது என்பதை நோக்குதல் நமக்குப் பயன்தரும்.

ஒக்ஸ்போட்டுக்கு அண்மையில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்க விரும்பினார். அவருக்குத் துணையாக நாமும் சென்று மூன்று கார்களைப் பார்த்தோம். இருவர் அமரக்கூடிய, துணிக் கூரையை மடித்து விடக்கூடிய கார் அது. 1962 முதல் 1980 வரை, மூடிய கூரையுடைய வகையையும் சேர்த்து, ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாக்கப்பட்டது. ஆகவே வாங்குபவனுக்குத் தெரிவுக்குக் குறைவில்லை, ஏமாறுவதற்கும் குறைவில்லை.

முதலிற் கண்ட கார் செந்நிறத்தில் மின்னியது. கம்பிச் சில்லுகள் வெள்ளிபோல் ஒளிர்ந்தன. உரிமையாளர் பூச்சின் பெருமையையே பேசினார். நண்பர் ஒன்றும் பேசாது சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்ப்புறத்தில் வைத்தார். அது ஒட்டவில்லை. இவ்வகைக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடலே பாரத்தைச் சுமக்கிறது. கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டித் தகடுகளே அதன் முதுகெலும்பு. அவற்றைக் கறள் தின்றுவிட்டால் கார் நடுவிலே தொய்யும். கதவு செவ்வனே பொருந்தாது. அவ்விடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பொருத்துவதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும். பசை வைத்து நிரப்பி வர்ணம் பூசுவதற்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை. காந்தம் தொட்டது பசையை.

நாற்பது ஆண்டைக் கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு 2018 முதல் அந்நாட்டில் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமன்று. எனவே வாங்குபவனின் கண்ணும் காந்தமுமே அவனுக்குக் காவல்.

இரண்டாவது காரின் உரிமையாளர் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைக் காட்டினார். கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை, தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து வழங்குவது அது. கார் உருவான நாள், அதன் முதல் நிறம், அனுப்பப்பட்ட இடம் யாவும் அதில் இருந்தன. செய்தவர் பெயர்தான் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அதற்கு இடம் இருந்ததில்லை.

செய்தவர்கள் அபிங்டன் என்னும் தேம்ஸ் நதிக்கரை ஊரில் வேலை செய்தவர்கள். உடற்கூடும் எஞ்சினும் வேறு ஊர்களிலிருந்து வரும். அவற்றை அவர்கள் பொருத்தி, காரைக் கையால் தள்ளி அடுத்த நிலைக்கு அனுப்புவர். 1979 செப்ரெம்பரில் அவ்வூர் தன் தொழிற்சாலையின் ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடியது. கொண்டாட்டம் ஓய்ந்ததும் வந்த திங்கட்கிழமை, 10ஆம் திகதி, தொழிற்சாலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அப்போது பிரிட்டிஷ் லேலண்ட் அரசுடைமையாக இருந்தது. உடைமை அரசினதாயினும் முடிவெடுக்கும் மேசையில் தொழிலாளிக்கு ஆசனம் இருக்கவில்லை. 1980 ஒக்டோபரில் கதவுகள் மூடப்பட்டன.

மூன்றாவது கார் மங்கிய பச்சை நிறம். இருக்கைத் தோல் வெடித்திருந்தது. ஆனால் காந்தம் வைத்த இடமெல்லாம் ஒட்டியது. உரிமையாளர் தந்த கோப்பில், அயற்கிராமத்துத் திருத்துநர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக எழுதிய பற்றுச்சீட்டுகள் இருந்தன: எந்தத் தகட்டை வெட்டினார், எங்கே ஒட்டு வைத்தார், எத்தனை மணிநேரம் செலவிட்டார் என்று ஒவ்வொன்றும் கையெழுத்தில். நாம் பார்த்த மூன்றினுள்ளும் குறைந்த விலை இதற்கே. பசையை மறைத்த மெருகுக்குக் கூடிய விலை. கறளை வென்ற உழைப்புக்குக் குறைந்த விலை!

அந்த எஞ்சினைக் கண்டபோது நமக்கு ஊர் நினைவு வந்தது. 1947இல் ஒஸ்ரின் ஏ40 காருக்கு வந்த எஞ்சினிலிருந்து வளர்ந்த குடும்பத்தையே சேர்ந்தது இதுவும். யாழ்ப்பாணத்து ஏ40 வாடகைக் கார்களை அறியாதார் யார்? 1990களிற் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிட்டாதபோது, நம் சாரதிகள் சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அவர்கள் பழமையைப் பேணப் புறப்பட்டவர்களல்லர். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே ஆசை காத்ததை இங்கே தேவை காத்தது. இரண்டிடத்திலும் காத்த கை தொழிலாளியின் கையே.

நண்பர் பச்சைக் காரையே வாங்கினார். வாங்கிய வாரத்திலேயே அந்தத் திருத்துநரைத் தேடிப்போனோம். எழுபதைக் கடந்தவர்; தனியாகவே வேலை செய்கிறார். தொழிலைப் பழக எவரும் வருவதில்லையா என்று கேட்டோம். "வருகிறார்கள். பழகும் காலத்தில் அவர்களுக்குக் கூலி கொடுக்க என்னிடம் இல்லை," என்றார்.

மெருகுக்குப் பணமுண்டு, பயிலும் இளைஞனின் கூலிக்குப் பணமில்லை. இந்நிலை அவ்வூருக்கு மட்டும் உரியதா? நம்மூர்க் கராச்சுகளில் எண்ணெய்க் கையுடன் நிற்கும் பையன்களைப் படிப்பு ஏறாதவர்கள் என்று நாம் ஒதுக்கவில்லையா? பழைய பொருளைப் போற்றுவோர் அதைத் திருத்தும் அறிவையும் போற்றட்டும். அவ்வறிவைக் கற்பவனுக்கு உண்ண வழி செய்யட்டும். அதன்பின் அவர்கள் கொடுக்கும் விலையை நியாயவிலை என்று நாமும் ஒப்புக்கொள்வோம்.