பிரேக் வயரும் அலுமினிய பாரும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகளுக்கு அலுமினிய சைக்கிள் வாங்கிக் கொடுத்திருப்பவர்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுடையது பழைய சைக்கிள், ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது. ஃபிரேம் அலுமினியம். பின் பிரேக் வயர் மேல் பாரின் அடியில் போகிறது. அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சின்ன கிளிப்புகள், ரிவெட் அடித்தவை. பின்னால் இருந்தது கழன்று விழுந்துவிட்டது. பையன் வாயைத் திறக்கவில்லை. கறுப்பு டேப்பால் வயரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முன் பிரேக்கை மட்டும் நம்பி ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறான். எங்கள் நாகப்பட்டினத்தில் மேடு பள்ளம் கிடையாதுதான். பஸ்ஸும் லாரியும் உண்டே! பின் பிரேக்கைப் பிடித்தால் டேப்தான் நகர்ந்தது, சக்கரம் நிற்கவில்லை. பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கழன்ற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரும்பு ரிவெட், அலுமினிய பார், கடற்காற்றின் உப்பு ஈரம். எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியையும் துத்தநாகத் தகட்டையும் செருகி வகுப்பில் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதேதான் இங்கும். இரண்டு உலோகம், நடுவில் உப்புநீர். இதில் அரிபடுவது அலுமினியம்.

உங்கள் தாத்தாமார் ஓட்டிய சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லை. அதில் வயரே கிடையாது, கம்பி பிரேக். ஃபிரேமும் இரும்பு. எது உடைந்தாலும் பட்டறையில் கொடுத்தால் பித்தளையை உருக்கிப் பற்றவைத்துத் தந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் என் மருமகன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்ப, நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் என் பழைய மாணவர். இதையும் படிப்பார், அதனால் பெயர் சொல்லவில்லை. "ஒரு பொட்டு வச்சா முடிஞ்சுது டீச்சர், அஞ்சு நிமிஷம்" என்றார். இரும்பு கேட்டும் ஜன்னலும் செய்வதில் கெட்டிக்காரர். அலுமினியம் அவரிடம் வருவதில்லை.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலையில் கிடந்த பழைய அலுமினியத் திரைக்கம்பியைக் காட்டி, "முதலில் இதில் வைப்பா, பார்ப்போம்" என்றேன். தீயைக் காட்டினார். சிவக்கட்டும் என்று காத்திருந்தார். சிவக்கவே இல்லை. வெள்ளையாகவே இருந்தது, திடீரென்று சொத்தென்று தரையில் விழுந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது. இன்னொரு வினோதம், அதன் மேல் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோல் அப்படியே நிற்க, உள்ளே இருப்பது கூழாகிவிடும்.

சரி, அலுமினியத்துக்கென்றே உள்ள வெல்டிங் கருவியோடு ஒருவர் வந்து அழகாக ஒட்டிக் கொடுத்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன். சைக்கிள்களில் பரவலாக உள்ள 6061 என்ற வகையில், ஃபிரேமை வெல்டிங் செய்த பிறகு முழுதாக உலையில் வைத்து ஏறத்தாழ 530 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள். அப்புறம் 170 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்து முறுக்கேற்றுகிறார்கள். அந்த முறுக்கு முழுக்க இறங்கினால் வலு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு சின்ன கிளிப்புக்காகப் பிள்ளை உட்காரும் பாரில் ஒரு மெத்தென்ற இடத்தை உண்டாக்குவானேன்?

புதிதாகத் துளை போட்டு ரிவெட் அடிக்கலாமே என்றார் மருமகன். கம்பெனி போடும் துளை இடம் பார்த்துப் போட்டது. நாம் போடுவது அப்படியல்ல. இரும்பில் ஓரளவுக்குக் கீழான குலுக்கல் எத்தனை லட்சம் தடவை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் சேரும். விரிசல் துளையின் ஓரத்தில்தான் பிறக்கும்.

அப்படியானால் பசை? இங்கேதான் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயரைத் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் கிளிப் வேறு, முட்டுக் கொடுக்கும் கிளிப் வேறு. கழன்றது இரண்டாவது ரகம். நாம் பிரேக்கைப் பிடிக்கும்போது உள்ளே இருக்கும் இன்னர் எவ்வளவு விசையோடு இழுபடுகிறதோ, அதே விசையோடு மேலே இருக்கும் அவுட்டர் அந்த கிளிப்பைப் போய்த் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. லீவர் நம் விரல் விசையைப் பல மடங்காக்கி அனுப்புகிறது. அவ்வளவையும் நகம் அளவு பசையை நம்பி விடக்கூடாது. அதுவும் அவசரத்தில் இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில்தான் பிய்த்துக்கொள்ளும்.

நாங்கள் செய்தது, முட்டுக் கொடுக்கும் வேலையையே ஃபிரேமிலிருந்து எடுத்துவிட்டதுதான். லீவரிலிருந்து பின் பிரேக் வரை இடையில் வெட்டாமல் ஒரே அவுட்டர். அதன் இரு முனையும் லீவரிலும் பிரேக்கிலுமே முட்டிக்கொள்ளும். பாருக்கு வேலை வயரைச் சுமப்பது மட்டும். அதற்கு நைலான் டேக் நான்கு போதும். பெயின்ட் தேயாமல் இருக்க டேக்குக்கு அடியில் ஒரு சுற்று டேப். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத நீளத்துக்கு அவுட்டரை வெட்டினோம்.

அவுட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கியருக்கான அவுட்டரும் பிரேக்குக்கான அவுட்டரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பிரேக் அவுட்டருக்குள் எஃகுக் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அழுத்தத்தில் பிளந்துவிடும். கடைக்காரர் எங்களுக்கு முதலில் எடுத்துக் கொடுத்தது கியர் அவுட்டர்தான். முனையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

டேக் கண்ணுக்கு நன்றாக இல்லை என்று பையன் முகம் சுளித்தான். சுமப்பதற்கு மட்டும் என்பதால், வேண்டுமானால் பசை கிளிப் ஒட்டிக்கொள் என்றேன். ஒட்டும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, அசிட்டோனால் துடைத்து, கைபடாமல் உடனே அரால்டைட் வைத்து ஒட்ட வேண்டும். தாமதித்தால் ஆக்சைடு மறுபடி படியும். ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. அந்த ஒரு நாள் காத்திருக்க மனமில்லாமல் டேக்கே போதும் என்றுவிட்டான்! பழைய ரிவெட் துளைகளில் மட்டும் தண்ணீர் இறங்காமல் நானே அரால்டைட் வைத்து அடைத்தேன். மாதம் ஒருமுறை துளையின் ஓரத்தை விரல் நகத்தால் தடவிப் பார், கோடு தட்டுப்பட்டால் சைக்கிளைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது பின் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கிறது. கீழ் பாரில் கியர் வயருக்கு இன்னும் இரண்டு ரிவெட் கிளிப்புகள் இருக்கின்றன. ஐப்பசி மழை தொடங்குமுன் அவற்றிலும் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.