ஆளில்லாத தீவுக்கு ஒரு டிக்கெட்

மாலத்தீவில் பல ரிசார்ட்டுகளில் போய் இறங்கியதும் முதலில் என்ன சொல்வார்கள் தெரியுமா? கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைங்க! தலைநகர் மாலேயில் ஐந்து மணி என்றால் அங்கே ஆறு. விருந்தாளிக்கு சாயங்கால வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டுமே என்று அந்தத் தீவுக்கு மட்டும் தனி நேரம்.

காசு கொடுத்தால் நேரமே மாறுகிற இடத்தில் அமைதி கிடைக்காதா என்ன! அங்கே விற்கிற சரக்கே அதுதான். 1960-களில் வந்த ஐ.நா. குழு ஒன்று, இந்த ஊர் சுற்றுலாவுக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனதாம். 1972-ல் 'குரும்பா' திறந்தது. திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர், நம்ம குரும்பைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் :) அதற்கப்புறம் "ஒரு தீவு, ஒரு ரிசார்ட்" என்பதே வியாபாரமாகிவிட்டது. பக்கத்து வீடு கிடையாது, கடைத்தெரு கிடையாது, கட்டடம் தென்னைக்கு மேலே தலைநீட்டக் கூடாது. சாய்வு நாற்காலியில் படுத்தால் அலைச் சத்தம் மட்டும்தான்.

ஆனால் தீவு நிஜமாகவே காலியா? கடற்கரையோரம் விருந்தாளிகள், நடுத்தீவில் மரங்களுக்குப் பின்னால் வேலையாட்களின் குடியிருப்பு. அங்கேதான் டீசல் ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், சலவை, சமையல் எல்லாம். மாலத்தீவுக்காரர்களோடு வங்கதேசம், இலங்கை, இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். குடும்பத்தை வேறெங்கோ விட்டுவிட்டு, யார் கண்ணிலும் அதிகம் படாமல் படுக்கை விரிப்பவர்கள். தனிமை தேடி ஒருவர் போக, அங்கே தனிமையில் இருப்பது இவர்கள்.

குப்பை? அதற்கும் ஒரு தீவு. மாலேக்குப் பக்கத்தில் திலாஃபுஷி. 1990-களின் தொடக்கத்திலிருந்து குப்பையைக் கொட்டிக் கொட்டியே கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம். பல வருடம் புகைந்துகொண்டே கிடந்தது. அது எந்த பிரோஷரிலும் வராது.

இதில் ரொம்ப உறுத்துகிற விஷயம் வேறு. 1980-களிலிருந்து 2009 வரை, சாதாரண ஜனங்கள் வாழும் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் தங்க அனுமதி இல்லை. அதாவது, சொந்த ஊர்க் கடலை உலகமே பார்க்க வருகிறது, ஆனால் உள்ளூர்க்காரர் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட முடியாது! காசு பூராவும் ரிசார்ட் தீவோடு நின்றது. விதி மாறின பிறகுதான் மாஃபுஷி மாதிரி தீவுகளில் விருந்தினர் விடுதிகள் முளைத்தன.

அங்கே தங்கினால் அந்த விளம்பர அமைதி கிடைக்காது. விடியற்காலையில் பாங்கு கேட்கும், மோட்டார் பைக் போகும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். நீச்சலுடைக்கென்று தனியாக ஒரு கடற்கரை, மற்ற இடத்தில் ஒழுங்காக உடுத்திக்கொண்டு போகவேண்டும். மதுவும் கிடையாது. சாயங்காலம் ஆனால் இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய 'ஜோலி'யில் ஊர்ப் பெரிசுகள் சாய்ந்தபடி கதை பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாய் வந்தவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். இந்த சத்தத்துக்கு நடுவிலும் ஒருவருக்கு நன்றாகத் தூக்கம் வரும் என்பதை ரிசார்ட்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே கடிகாரத்தைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை. மாலேயில் என்ன மணியோ, அதே மணிதான்.