தேய்மானம் போக மீதி

பழைய கார் மேல் பைத்தியமாக இருப்பவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ‘அவர் வீட்டில் பழைய ஆஸ்டின் ஒன்று நிற்கிறது’ என்றால் ‘அப்படியா சார்!’ என்று எழுந்து நின்று கை கொடுப்பார்கள். கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்றே மியூசியம் இருக்கிறது. பளபளவென்று துடைத்து, வரிசையாக நிறுத்தி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஆனால், பழைய லாரி மேல் பிரியம் வைத்தவன் கதை வேறு. “என்னப்பா, இன்னும் வேலை ஒண்ணும் அமையலையா?” என்றுதான் கேட்பார்கள்.

நான் சங்ககிரிக்காரன். லாரிக்குப் பெயர்போன ஊர். இந்தப் பக்கம் திருச்செங்கோடு போனால் போர்வெல் வண்டி, அந்தப் பக்கம் நாமக்கல் போனால் டேங்கர், இன்னும் கொஞ்சம் தள்ளி கரூர் போனால் பஸ் பாடி. எங்கள் ஊரில் குழந்தை முதலில் பேசும் வார்த்தை ‘அம்மா’. இரண்டாவது, ‘வா... வா... வா... போதும், நிறுத்து!’

பி.காம். முடித்துவிட்டு நாலைந்து லாரி ஓனர்களுக்கு டிரிப் கணக்கு எழுதுகிறேன். நடுநடுவே பத்திரிகைகளுக்கும் எழுதுகிறேன். (இரண்டிலுமே பாக்கி வந்து சேர நாளாகும்.) கணக்கு எழுதப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டதுதான் இந்த லாரிப் பைத்தியம். ஒட்ட வைத்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் உண்டு. ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. ஓட்டிய வண்டிதான் பெயர்.

ஃபார்கோ தாத்தா. பென்ஸ் மாமா. லேலண்டு சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஒரு பழைய பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் சபை கூடும். சபைக்கு ஒரே ஒரு சட்டம். பேச்சில் யார் பதில் சொல்ல முடியாமல் வாயடைத்துப் போகிறாரோ, அன்றைக்கு எல்லோருக்கும் டீ காசு அவர் கணக்கு. எனக்குத் தெரிந்து ஏழெட்டு வருஷத்தில் லேலண்டு சித்தப்பா ஒரு தடவைகூடக் காசு எடுத்ததில்லை.

பென்ஸ் மாமா 16 வயதில் கிளீனராக ஏறியது டாடா மெர்சிடஸ் பென்ஸ் லாரியில். 1954-ல் டாடா கம்பெனி ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு 15 வருஷ ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. அந்த வண்டிகளின் மூக்கில் பென்ஸ் காரில் இருக்கும் அதே மூணு கை நட்சத்திரம் இருக்கும். 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. மாமாவுக்கு அந்த நட்சத்திரம்தான் உயிர்.

“மாப்ள, ஜெர்மனில மந்திரிங்க ஏறிப் போற நட்சத்திரம்டா அது. அதை வெச்சுக்கிட்டு நான் புண்ணாக்கு மூட்டை ஏத்துனவன்!” என்று ஆரம்பிப்பார்.

“நட்சத்திரம் என்ன மச்சான் நட்சத்திரம்? எம்பட வண்டி பேரே காமெட்டு. காமெட்டுன்னா வால்நட்சத்திரம். வாலோட வரும்!”

“வால்நட்சத்திரம் 76 வருஷத்துக்கு ஒருக்காத்தான் வரும். நீ மெட்ராசுக்கு லோடு ஏத்திட்டுப் போனாலும் அப்படித்தானடா திரும்பி வருவே?”

“எம்படது என்னைக்காச்சும் திரும்பி வரும் மச்சான். உன்ர நட்சத்திரம் 69-லயே உதிர்ந்து போச்சே... அதுக்கு என்ன சொல்றே?”

மாமா டீ காசை எடுத்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு பரம்பரைச் சண்டை. லேலண்டு சித்தப்பா, “எங்களுது எண்ணூர்ல பொறந்தது. நம்ம ஊருப் புள்ள” என்றார். மாமா விடுவாரா? “1948-ல அசோக் மோட்டார்ஸ்னு பேர் வெச்சு ஆஸ்டின் காரைப் பூட்டிக்கிட்டு இருந்தவங்கதான நீங்க? லேலண்டு வந்து கையைப் புடிச்ச பொறவுதான லாரிக்கே வந்தீங்க!” சித்தப்பா அசரவில்லை. “உங்க டெல்கோ என்ன பண்ணிட்டிருந்துச்சு? 1945-ல ரயில் என்ஜின் செய்யறதுக்கு ஆரம்பிச்ச கம்பெனி. அதனாலதான் மச்சான், உன்ர வண்டி தண்டவாளம் இல்லாம வளைவுல திரும்ப மாட்டேங்குது!”

அன்றைக்கும் மாமாதான்.

இந்த இரண்டு பேரும் ஒற்றுமையாக இருப்பது ஒரே ஒரு விஷயத்தில். ஃபார்கோ தாத்தாவைக் கிண்டல் பண்ணுவதில்! பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் கம்பெனி, அமெரிக்காவின் கிரைஸ்லர் லாரிகளைப் பூட்டி விற்றது. கிட்டத்தட்ட ஒரே வண்டியின் மூக்கில் டாட்ஜ் என்று எழுதுவார்கள், டிசோட்டோ என்று எழுதுவார்கள், ஃபார்கோ என்றும் எழுதுவார்கள்.

“ஒரே இட்லிக்கு மூணு ஓட்டல்ல மூணு பேருங்ணா உங்க வண்டி!” என்பார் சித்தப்பா.

தாத்தாவுக்கு அப்போதே எண்பது. மெதுவாகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொல்வார். “பேரு மூணு இருந்தா என்னடா? முருகனுக்கு எத்தனை பேரு? மலையேறுனவனுக்குப் பேரு நெறையத்தாண்டா இருக்கும்!”

இதற்குப் பதில் கிடையாது. சித்தப்பா உடனே, “யானைன்னு சொன்னதும் ஞாபகம் வருது...” என்று ஆரம்பித்துவிடுவார். யானையைப் பற்றி யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருடைய யானை திம்பம் மலை யானை. சத்தியமங்கலம் காட்டில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். கரும்பு லாரியைக் கண்டால் யானை வழிமறிக்கும் என்பது அந்த ரோட்டில் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா கதையை நான் முதலில் கேட்டபோது யானை ரோட்டோரம் நின்றிருந்தது. இரண்டு வருஷம் கழித்து பத்தடி தூரத்துக்கு வந்தது. கடைசியாகக் கேட்டபோது தும்பிக்கையை உள்ளே விட்டு, முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “பார்த்துப் போ” என்கிற மாதிரி தலையாட்டியது. கதை முடிவதற்குள் டீ காசை வேறு யாராவது கொடுத்திருப்பார்கள். சித்தப்பா தப்பிப்பது இப்படித்தான்.

மலைக்கதை என்றால் தாத்தாதான். கிளீனராக இருந்த காலத்தில் லோடு வண்டி மலை ஏறும்போது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையில் கட்டையோடு நடந்தே வருவாராம். வண்டி திணறி நின்று பின்னால் சரிவதற்குள் டயருக்குக் கீழே கட்டையைத் தள்ள வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் லோடு, வண்டி, டிரைவர் எல்லாம் பள்ளத்தில். “சம்பளம் கம்மிதான் கண்ணு. ஆனா, டிரைவர் உசுரு என்ர கையில இருந்துச்சு. உங்க ஆபீஸ்ல மேனேஜர் உசுரு உன்ர கையில இருக்குதா?” என்று கேட்பார். இருந்தால் எத்தனை பேர் கட்டையைச் சரியான நேரத்தில் போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வெளியே சொல்லவில்லை!

இவ்வளவு பேச்சுக்கும் காரணமான மூன்று வண்டிகளில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தாத்தா தோட்டத்தில் புளியமரத்தடியில் நின்ற ஃபார்கோ. அதற்கு மேல் கோழி அடையும்.

ஒரு தடவை அதன் மதிப்பு என்ன என்று பேச்சு வந்தது. பி.காம். படித்தவன் சும்மா இருக்க முடியுமா? வாடகை லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவிகிதம் தேய்மானம் போடுவோம். குறைந்துசெல் மதிப்பு முறை. அதாவது, ஒவ்வொரு வருஷமும் மீதி இருப்பதில்தான் 30 சதவிகிதம் கழியும். 10 லட்ச ரூபாய் வண்டி 10 வருஷத்தில் 28,248 ரூபாய் ஆகும். 20 வருஷத்தில் 798 ரூபாய். 50 வருஷத்தில் சுமார் 2 காசு. ஆனால், எத்தனை வருஷம் போனாலும் கணக்கில் பூஜ்யம் மட்டும் வராது.

“ஆக, அம்பது வருஷம் ஆனாலும் ரெண்டு காசு நிக்குதா?” என்றார் தாத்தா. “பரவால்ல. விக்கறதில்லை!”

2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம், தனி நம்பர் உண்டு, கட்டணம் 20,000 ரூபாய். தாத்தா பேப்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

விதியைப் படித்துச் சொன்னேன். இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான் அந்தப் பதிவு. லாரி கிடையாது. அப்படியே இருந்தாலும் சேஸிஸ், பாடி, என்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது.

பெஞ்சில் அன்றைக்குப் பெரிய சிரிப்பு. அந்தக் காலத்து லாரிக்கு ஏது ஒரிஜினல் பாடி? கம்பெனி கொடுத்தது சேஸிஸும் என்ஜினும்தான். ஜாம்ஷெட்பூரிலிருந்து பென்ஸ் மாமா சேஸிஸ் ஓட்டி வந்த கதை பிரசித்தம். கதவு கிடையாது, கூரை கிடையாது, பலகை மேல் உட்கார்ந்து, தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் நாள்கணக்கில் ஓட்டியிருக்கிறார். (இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு கேபினில் ஏ.சி. கட்டாயம். மாமாவிடம் சொன்னேன். “எங்களுக்கும் ஏ.சி.தாண்டா... நாலு பக்கமும்!” என்றார்.) ஊர் வந்த பிறகுதான் ஆசாரி மரத்தில் கேபின் கட்டுவார்.

தாத்தாவின் ஃபார்கோவுக்கு மூன்று தடவை கேபின் கட்டியாகிவிட்டது. பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு, சென்னை சிம்ப்சன் செய்த பெர்கின்ஸ் பி-6 டீசல் என்ஜினை வைத்ததும் பழைய கதை. அப்போது பல பெட்ரோல் லாரிகளுக்கு அந்த ஆபரேஷன் நடந்தது.

“என்ஜின் மெட்ராசு, கேபின் சங்ககிரி, டயருக்குக் கணக்கே இல்லை. அதுல எதுங்ணா ஒரிஜினல்?” என்றார் பென்ஸ் மாமா.

“ஓட்டுனவன் ஒரிஜினல்டா!” என்றார் தாத்தா. ஆனால், அன்றைக்கு டீ காசை அவரே கொடுத்தார். யாரும் கேட்காமலே.

அடுத்த வருஷம் தோட்டத்தில் பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள். புளியமரம் சின்ன மகன் பங்கில் போனது. பழைய இரும்பு வியாபாரி கேஸ் கட்டரோடு வந்தார். தாத்தா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் பென்ஸ் மாமாவும் லேலண்டு சித்தப்பாவும் அங்கே நின்று வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கட்டரை வெக்காதீங்க. போல்ட்டு இருக்குதல்ல? நாங்க கழட்டித் தர்றோம். எடை குறையாது. உங்களுக்கு கேஸ் மிச்சம்!”

எழுபதைத் தாண்டிய மாமாவும் அறுபதைத் தாண்டிய சித்தப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் அரைமணி நேரம் மாமாவின் ஸ்பேனர் ஒன்றும் பொருந்தவில்லை. பென்ஸ் வண்டி மில்லிமீட்டர் கணக்கு, ஃபார்கோ இஞ்ச் கணக்கு. “மச்சான், அம்பது வருஷமா திட்டுனீல்ல... எப்படி உங்கிட்ட வாயைத் திறக்கும்?” என்றார் சித்தப்பா, தன் இஞ்ச் ஸ்பேனரை நீட்டியபடி. துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. வியாபாரியும் கட்டரை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்திருந்தார்.

எல்லாம் டெம்போவில் ஏறிய பிறகு, “உங்களுக்கு என்ன வேணும் தாத்தா, ஸ்டியரிங்கை எடுத்து வெக்கட்டுங்களா?” என்று கேட்டேன்.

“அது கம்பெனிக்காரன் செஞ்சது” என்றார். டூல் பாக்ஸில் கிடந்த கட்டையைக் காட்டினார். “அதைக் குடு. அது நான் செதுக்குனது.”

2023 மார்கழியில் தாத்தா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு சபை கூடியது. பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. டீ வந்தது. யாரும் பேசவில்லை. அந்த மௌனம் லேலண்டு சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. எங்கேயோ பார்த்துக்கொண்டு, வழக்கமான அதே குரலில் சொன்னார்.

“என்ன சொல்லு மச்சான்... ஒரே இட்லிக்கு மூணு ஓட்டல்ல மூணு பேரு!”

பென்ஸ் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக வாயைத் துடைத்தார்.

“பேரு மூணு இருந்தா என்னடா? முருகனுக்கு எத்தனை பேரு? மலையேறுனவனுக்குப் பேரு நெறையத்தாண்டா இருக்கும்!”

யானைக் கதை வரும் என்று நினைத்தேன். சித்தப்பா சட்டைப் பையில் கையை விட்டு, நாலு டீக்கான காசை எண்ணி பெஞ்சின் மேல் வைத்தார். நாங்கள் குடித்தது மூணு.