அந்த ஒய்யும் இந்த ஒய்யும்

இடக்கொச்சியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அவர்களின் மகள் பதினோராம் வகுப்பு. வீட்டில் தமிழ்; பத்தாம் வகுப்பு வரை மலையாளவழிக் கல்வி; இவ்வாண்டு ஆங்கிலப் பாடநூல். கணிதத்தைக் கைவிட்டுக் கலைப் பிரிவுக்கு மாற விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் இடறிய இடம் இது: ஒய் = எக்ஸ்² என்னும் பரவளையமும் ஒய் = எக்ஸ் + 2 என்னும் நேர்க்கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றன? இரண்டையும் சமப்படுத்தி, எக்ஸ்² − எக்ஸ் − 2 = 0 எனத் தீர்க்க வேண்டும். “எதுக்குச் சமப்படுத்தணும் அக்கா? அந்த ஒய் வேற, இந்த ஒய் வேறதானே?” என்றாள்.

மொழியியல் பயின்றவளுக்கு இதைவிட இனிய கேள்வி வாய்க்காது. ‘குமார் வந்தான், அவன் சிரித்தான்’ என்பதில் ‘அவன்’ குமாராகவும் இருக்கலாம், பிறனாகவும் இருக்கலாம். ஒய்யும் அத்தகைய பதிலிடுபெயரே. வளைவில் அது ஒரு புள்ளியின் உயரம். கோட்டில் மற்றொன்றின் உயரம். இரண்டும் ஒரே புள்ளியைச் சுட்டுவதாக நாம் ஒருகணம் கொள்கிறோம். அப்படியொரு புள்ளி உண்டா என்பதைச் சமன்பாடு சொல்லும். இங்கே எக்ஸ் 2 அல்லது −1. ஆகவே (2, 4), (−1, 1) என இரு புள்ளிகள். கோட்டை ஒய் = எக்ஸ் − 1 எனக் கீழிறக்கினால் எக்ஸ்² − எக்ஸ் + 1 = 0; தன்மைகாட்டி −3. நாம் கொண்டது பொய்த்தது, சந்திப்பே இல்லை.

எங்கே இறக்கினால் தொட்டும் தொடாமலும் நிற்கும் என்பதை அவளே கண்டாள். ஒய் = எக்ஸ் + சி என வைத்து, (எக்ஸ் − 1/2)² = சி + 1/4 என்று எழுதினாள். சி = −1/4 ஆகும்போது (1/2, 1/4) என்னும் ஒரே புள்ளி. மலையாளத்தில் படித்த ‘வர்க்கத்திகவு’ கைகொடுத்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் இதனை ‘வர்க்கப் பூர்த்தி’ என்னும். ‘விலை திகைந்தது’ என நம் தெற்கத்தியார் சொல்லும் திகைதலோ மலையாள நூலில் வாழ்கிறது! 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் ‘யுக்திபாஷா’வைச் சமஸ்கிருதத்தில் அன்றி மலையாள உரைநடையில் எழுதினார். கணக்கின் நியாயத்தைப் பேசும் மொழியில் கேட்பது இக்கரைக்குப் புதிதன்று.

விண்ணப்பத்தை அவள் இன்னும் கிழிக்கவில்லை. ஆனால் நேற்றிரவு மாடியேறி வந்து, “ஒரே இடத்துல வெட்டினா தொடுகோடுதானா?” என்று கேட்டாள். எக்ஸ் = 3 என்னும் செங்குத்துக் கோட்டை வரைந்து காட்டினேன். (3, 9)இல் மட்டுமே வெட்டுகிறது, இருபடிச் சமன்பாடே பிறக்கவில்லை, தொடுகோடும் அன்று. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.