நீக்கியதற்கு ஒரு வரி

விக்கிப்பீடியாவில் நிர்வாகி அணுக்கம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் கை அரிப்பது 'நீக்கு' பொத்தானை அழுத்தத்தான். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நான் அதைத் தொடவே விடுவதில்லை. அதற்கு மேலே இருக்கும் காரணப் பெட்டியில்தான் பாடம் ஆரம்பம்.

நீக்கிய பக்கம் எங்கும் போய்விடாது. நிர்வாகிகள் அதைப் படிக்கலாம், வேண்டுமானால் மீட்கவும் செய்யலாம். படிக்க வந்தவருக்குத்தான் அது இல்லை. யார் நீக்கினார், எப்போது, எந்தத் தலைப்பு, என்ன காரணம் என்று நீக்கல் பதிவில் ஒரே ஒரு வரி நிற்கும். வெளியே இருக்கிறவருக்கு நம் வேலையைச் சரிபார்க்கக் கிடைப்பது அவ்வளவுதான். அந்த வரியைச் சோம்பலோடு எழுதினால், எவ்வளவு நியாயமாக நீக்கியிருந்தாலும் பார்க்கிறவருக்கு அராஜகமாகத்தான் தெரியும்.

அந்தப் பெட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் ஒன்றும் எழுதாவிட்டால், பக்கத்தின் தொடக்கச் சொற்களையே 'உள்ளடக்கம் இதுவாக இருந்தது' என்று எடுத்து நிரப்பித் தரும் வழக்கம் மீடியாவிக்கி மென்பொருளுக்கு உண்டு. வெற்றுச் சோதனைப் பக்கமென்றால் அது வசதி. ஊரில் யாரோ ஒருவரைத் திருடன் என்று எழுதிவைத்த பக்கமென்றால்? பக்கம் போய்விடும், திருடன் என்ற சொல் நம் பெயருக்குப் பக்கத்தில் பதிவில் உட்கார்ந்துகொள்ளும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் எந்தப் பக்கமானாலும் முதலில் பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் தட்டச்சு செய்வார். தலைப்பே வசவாக இருந்தால் பதிவில் அந்தத் தலைப்பையும் தனியாக மறைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துபோவார்கள்.

எழுதுகிற வரிக்கு அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். நீக்கப்பட்டவர் வாயால் படிப்பதுபோல அதைச் சத்தமாகப் படிப்பார். 'குப்பை' என்று படித்தால் கோபம் வருமே தவிர விஷயம் விளங்காது. 'தேவையற்றது' என்றால் யாருக்குத் தேவையற்றது? ஒருமுறை ஒரு பெரியவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். முழுக்கத் தலவரலாற்றுப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. 'பதிப்புரிமை மீறல்' என்று மட்டும் போட்டிருக்கலாம், தப்பில்லை. இவர் 'அச்சு நூலில் இருந்து அப்படியே எடுத்தது. சொந்த நடையில், நூலைச் சான்றாகக் காட்டி எழுதினால் ஏற்கலாம்' என்று போட்டார். கூடவே பெரியவரின் பேச்சுப் பக்கத்தில், "ஐயா, நூலின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது அடிக்குறிப்புக்கு வேண்டும்" என்றும் எழுதினார். பெரியவர் திரும்பி வந்து எழுதினார். அந்தக் கட்டுரை இப்போதும் இருக்கிறது.

பக்கத்தை விட்டுவிட்டு அதன் ஒரு திருத்தத்தை மட்டும் மறைப்பதில்தான் நிஜமான கைவேலை இருக்கிறது. நல்ல கட்டுரை ஒன்றின் நடுவே யாரோ ஒருவர் இன்னொருவரின் தொலைபேசி எண்ணைச் செருகிவிட்டார் என்று வையுங்கள். வரலாற்றைத் திறந்து, எண் நுழைந்த திருத்தத்தை மட்டும் மறைத்துவிட்டு எழுந்து போவார்கள் புதியவர்கள். அதற்குப் பின்னால் இரண்டு பேர் வந்து எழுத்துப்பிழை திருத்தியிருப்பார்கள், ஒரு தானியங்கி பகுப்பு சேர்த்திருக்கும். அந்தப் பழைய பதிப்புகள் ஒவ்வொன்றிலும் எண் அப்படியே இருக்கும். நுழைந்த இடத்திலிருந்து எடுத்த இடத்துக்கு முந்தைய பதிப்பு வரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மறைக்க வேண்டும். இப்போது கண்முன் நிற்கும் பதிப்பின் உரையை மென்பொருள் மறைக்க விடாது; முதலில் எண்ணை எடுத்துச் சேமித்துவிட்டு, பிறகு பின்னோக்கிப் போக வேண்டும். தொகுப்புச் சுருக்கத்தையும் பாருங்கள், குறும்புக்காரர்கள் எண்ணை அங்கேயும் போட்டிருப்பார்கள்.

மறைக்கும்போது மூன்று கட்டங்கள் வரும்: உரை, சுருக்கம், பயனர் பெயர். அவசரத்தில் மூன்றையும் குறியிடாதீர்கள். எழுத்துப்பிழை திருத்தியவர் என்ன பாவம் செய்தார்? அவர் உழைப்புக்கு அந்த வரலாற்றுப் பட்டியல்தான் சாட்சி. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படியும் எழுதியவர் பெயர் நிற்க வேண்டும். உரை மட்டும் மறைந்து பெயரும் நேரமும் நின்றால், வரலாற்றில் அந்த வரி கோடு போட்டு அடித்தபடி தெரியும். இங்கே ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது என்று வழிப்போக்கருக்கும் தெரியும். அந்தக் கோட்டை நான் அசிங்கமாக நினைத்ததே இல்லை.

பேச்சுப் பக்கங்களில் நீக்குவதற்கு அநேகமாக வேலையே இல்லை. அடுத்தவர் கருத்தைத் தொடாதீர்கள், ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். நான்கு அலைக்கோடு போட்டுக் கையெழுத்திட்டவர் அவர். தன் கருத்தைத் தானே அழிப்பவர்தான் பெரிய தலைவலி. காரசாரமாக ஒன்றை எழுதுவார், நாலு பேர் பதில் சொன்னதும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். மறுநாள் வருகிறவர் கண்ணுக்கு அந்த நாலு பேரும் வெறும் காற்றோடு சண்டை போட்டதுபோல் இருக்கும். அங்கே அவர் கருத்தைத் திரும்ப வைத்து, "விலக்கிக்கொள்வதாக இருந்தால் குறுக்கே கோடு போட்டு, கீழே ஒரு வரி எழுதுங்கள்" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் கேட்பார்கள். நீண்டுபோன பழைய உரையாடல்களையும் அழிப்பதில்லை, தொகுத்து ஒதுக்கி வைக்கிறோம், தேடினால் கிடைக்கும்.

'முன்னிலையாக்கு' வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே சொடுக்கில் ஒருவர் வரிசையாகச் செய்த திருத்தமெல்லாம் போய்விடும், காரணம் கேட்காது. விஷமத்துக்கு மட்டும் அது. நல்லெண்ணத்தோடு தப்பாக எழுதியவரிடம் அதைக் காட்டினால் செவிட்டில் அறைந்த மாதிரி. காரணம் எழுதி மீளமைக்க அரை நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். நீங்களே ஒரு பக்கம் சேர்ந்து வாதாடிய உரையாடலில் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு வரி போட்டால், வாதத்தில் இல்லாத வேறொரு நிர்வாகி வந்து பார்ப்பார். அவர் உங்களுக்கு எதிராக முடிவெடுத்தாலும் வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும்; என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான்.

காரண வரியை இப்போது சட்டமும் கேட்கிறது. 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், இணையத் தளம் நடத்துகிறவர்கள் எதையாவது நீக்கினால் அதைப் பதிந்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் 'எங்கள் விதிகளுக்கு முரணானது' என்று அச்சடித்த வாசகத்தை அனுப்பினாலும் காரணம் சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். நல்ல வரி எழுதக் கை பழக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வெளிப்படைத்தன்மையைத் தள்ளி வைக்க வேண்டிவரும். தனி ஒருவரின் முகவரியோ எண்ணோ வெளியாகிவிட்டால், 'இதை மறையுங்கள்' என்று ஆலமரத்தடியில் கூவினால் பத்துப் பேர் முதலில் அதைப் போய்ப் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் சொல்லுங்கள். நிர்வாகிகள் கண்ணிலும் படாதபடி மறைக்கும் மேற்பார்வை அணுக்கம் தனியாக உண்டு. அது உள்ளூரில் யாருக்கும் இல்லாத விக்கிகளில், எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஸ்டூவர்டுகள் செய்து தருவார்கள். அவர்கள் மறைப்பது பொதுப் பதிவில் வராது. அதற்கென்று மூடிய பதிவு ஒன்று இருக்கிறது, அதே அணுக்கம் உள்ள மற்றவர்கள் அதைப் படிக்கலாம். ஒருவரை மற்றவர் கவனிக்க ஆள் வேண்டும் என்பதால், எந்த விக்கியிலும் இந்த அணுக்கத்தை ஒருவருக்கு மட்டும் கொடுத்து வைப்பதில்லை. குறைந்தது இரண்டு பேர். இரண்டாமவர் விலகினால் முதலாமவரிடமிருந்தும் வாங்கிவிடுவார்கள், அவர் எத்தனை யோக்கியராக இருந்தாலும் சரி.