வராத துடிப்பைத் தேடி

இத்தாலியின் லாக்விலாவிலிருந்து தேராமோ போகும் நெடுஞ்சாலை, கிரான் சாஸோ மலையைக் குடைந்து பத்து கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தச் சுரங்கப்பாதையின் நடுவிலேயே மலைக்குள் இருக்கும் இயற்பியல் ஆய்வகத்துக்கு வழி. லாரிகள் இரைந்துகொண்டு நேரே போக, எங்கள் வேன் மட்டும் உள்ளே திரும்பியது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கினால் ஈரக் குளிர். தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறை. வெளியே நம்மை ஓயாமல் துளைக்கும் காஸ்மிக் கதிர்கள் இங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்.

முதல் கூடத்தில் இருக்கிறது ‘குவோரே’ என்ற சோதனைக் கருவி. அதன் படிகங்களைப் பார்க்க முடியாது; எல்லாம் மூடிய கலனுக்குள். ஐந்து சென்டிமீட்டர் கனசதுரங்களாக 988 டெல்லூரியம் டை ஆக்சைடு படிகங்கள், 742 கிலோ. தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் ஒரே ஒரு அணுக்கரு சிதைந்தாலும் படிகம் சற்றே சூடேறிவிடும். கணினித் திரையில் அதைக் காட்டினார்கள்: சட்டென்று எழுந்து, மெல்லத் தணியும் ஒரு கோடு.

டெல்லூரியம்-130 அணுக்கரு மிக அரிதாக இரண்டு எலக்ட்ரான்களை ஒருசேர உமிழ்ந்து செனானாக மாறும். கூடவே இரண்டு எதிர்நியூட்ரினோக்கள் ஆற்றலில் ஒரு பங்கோடு நழுவிவிடும். 1937இல் எட்டோரே மயோரானா முன்வைத்த கருத்துப்படி நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்றால், எதிர்நியூட்ரினோக்கள் வெளிவராமலேயும் சிதைவு நிகழலாம். அப்போது முழு ஆற்றலும் எலக்ட்ரான்களிடமே தங்கி, 2,527 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்முகடு எழ வேண்டும். அதைத்தான் தேடுகிறார்கள்.

அந்த முகட்டை மறைக்க மற்ற கதிரியக்கத்தின் சிறு கசிவே போதும். கதிர்களைத் தடுக்க ஈயக் கவசம் வேண்டும்; ஆனால் புதிதாக உருக்கிய ஈயத்திலேயே, 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210 கலந்திருக்கும். அதனால் உட்புறக் கவசத்துக்கு, சார்டினியா கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த ஈயக் கட்டிகள். 2,000 ஆண்டுகளில் ஈயம்-210 அழிந்தே போயிற்று. எழுத்துப் பொறித்த பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்துத் தொல்லியலுக்கென வைத்துக்கொண்டு, மிச்சத்தை உருக்கியிருக்கிறார்கள்.

2022இல் வெளியான முடிவில் முகடு இல்லை. அதுவும் ஓர் அளவீடுதான்: எதிர்நியூட்ரினோ வெளிவராத சிதைவின் அரை ஆயுள் 2.2×10²⁵ ஆண்டுகளுக்கு மேல். அதாவது, இங்குள்ள 206 கிலோ டெல்லூரியம்-130இல் அத்தகைய சிதைவு ஆண்டுக்குச் சுமார் முப்பதுக்கு மேல் நடக்க வாய்ப்பில்லை. இப்போது பெருந்தொல்லை, படிகங்களைச் சுற்றியுள்ள பரப்புகளிலிருந்து வரும் ஆல்பா துகள்கள். அடுத்த திட்டமான ‘க்யூபிட்’, இதே குளிர்கலனில் லித்தியம் மாலிப்டேட் படிகங்களை வைக்கவிருக்கிறது. அவை சூட்டோடு ஒளியையும் தரும். எலக்ட்ரான்களைவிட ஆல்பா தரும் ஒளி குறைவு என்பதால் அதை இனம்பிரித்துத் தள்ளிவிடலாம்.